ஊசி கழற்றிய சிரிஞ்ச்

செவ்வாய் மாலை பதினோரு நிமிடம்
ஆலங்கட்டி மழை.
மரித்சா ஆற்றோர மிளகாய் வயலில்
இலைக்கு இலை ஒரு வாசல் உடைத்துவிட்டு
மேகம் தன் வழியே போயிற்று.

ஒன்பது நாள் கழித்து நெவெனா வந்தாள்,
ரொட்டிக்கடைப் பையில் நாலு செடியோடு.
வடை வைத்த தாள்போல
இலையெங்கும் ஊறிய புள்ளிகள்.
"மருந்து சொல்லுங்கள்."
உட்காரவில்லை.
செம்பு மருந்து இரண்டு தடவை அடித்தாளாம்.
பக்கத்து வயல் ஸ்தோயில் மூன்று தடவை.

மருந்து என்னிடம் இல்லை.
அவள் இலையில் இருந்ததைத் தட்டில் வளர்த்து
நீரில் கலக்கி
ஊசி கழற்றிய சிரிஞ்சால்
இரண்டு தொட்டிச் செடிகளில்
இலையின் அடியிலிருந்து அழுத்தினேன்.
ஒன்று அவள் பயிரிடும் நீள ரகம்.
மற்றது பெயரில்லாதது, எண் மட்டும்;
காய் சுண்டுவிரல் அளவு,
வாயில் வைக்க முடியாத காரம்.

மறுநாள் காலை
எண் செடியின் இலையில் வட்டமாக ஒரு சாவு,
நாணயம் அளவு, சருகு நிறம்.
அவள் ரகமோ பச்சைப் பசேல்.
"இது செத்துப்போச்சு,
அதுதான் தாங்கும், இல்லையா?"
நெவெனாவின் விரல் பச்சையைத் தொட்டது.
பொறுங்கள் என்றேன்.
பொறுக்கிற வாரமா அவளுக்கு.

அந்த இரவில் நடந்தது இவ்வளவுதான்:
வந்தவன் நீட்டிய கையைப் பார்த்து
ஓர் உயிரணு ஆளைக் கண்டுகொண்டது.
சத்தம் போடவில்லை.
அடுப்பை அணைத்தது, சட்டியைக் கவிழ்த்தது,
தானும் செத்தது.
சுற்றியிருந்தவையும் செத்தன.
சாப்பிட வந்தவனுக்கு
ஒரு பருக்கை மிச்சமில்லை.

பச்சை இலைக்கு ஆள் தெரியவில்லை.
கேட்டதெல்லாம் கொடுத்தது.
ஞாயிற்றுக்கிழமை
விரல் பட்டதும் நைந்து விழுந்தது.

செத்த வட்டத்திலிருந்து
மேலிலைகளுக்கு ஒரு சேதி போகும் என்றேன்.
அதோடு போகிற கசப்புக்கும்
ஆற்றங்கரை வில்லோ மரப்பட்டைக்கும்
இப்போது தலைவலிக்கென்று நீங்கள் விழுங்கிய மாத்திரைக்கும்
ஒரே குலம்.
அவள் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தாள்.
காலாவதித் தேதியைப் பார்த்திருப்பாள்.

"இந்தக் குட்டிக் காயை
செப்டம்பரில் சுட்டுத் தோலுரிக்க
யார் வாங்குவார்கள்?"
யாரும் வாங்க மாட்டார்கள்.
உங்கள் காயையும் இதன் காவலையும்
ஒரே விதையில் சேர்க்க
எட்டு வருடம் ஆகலாம்.
"எனக்கு அறுபத்தொன்பது ஆகிவிடும்" என்றாள்,
பேருந்து நேரம் சொல்வதுபோல.

புதன்கிழமை அந்த வழியாகப் போனேன்.
வயல் நடுவே, நோயுற்ற செடிகளோடு
சுற்றியிருந்த நல்ல செடிகளையும்
பிடுங்கிக்கொண்டிருந்தாள்.
பூ விட்டவை. பிஞ்சு பிடித்தவை.
ஒவ்வொன்றையும் வேரோடு சாக்கில் திணித்தாள்,
ஈரமில்லாத மதியம் பார்த்து.

வேலிக்கு அப்பால் ஸ்தோயில் கத்தினார்:
"பைத்தியமா? அது நல்லாத்தானே இருக்கு!"
அவள் திரும்பவில்லை.
பிடுங்கிய கையைக் குளோரின் வாளியில் நனைத்து
அடுத்த செடிக்குப் போனாள்.

மேட்டிலிருந்து பார்த்தேன்.
பச்சைக்குள் வட்டமாக மண்.

போதுமா, தெரியாது.
ரோடோப் மலைமேல்
மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது.