ஒன்பது கோடு

ஒப்பந்தத் தாளில் என் பேருக்குக் கீழே
வேலை செய்யும் ஊர்
ஒரே ஒரு எழுத்து.
津
"ட்சு" என்று வாசித்தான் றினோஸ்.
பாதியில் நின்றுபோன தும்மல் மாதிரி இருந்தது.

பரீட்சைக்குப் பாடமாக்கிய முந்நூறில்
இது இல்லை.
வலி, விழுங்கு, குளிப்பாட்டு,
இரவுக் கடமை, இடது முழங்கால்
எல்லாம் எழுதுவேன்,
போய் இறங்கப்போகும் இடத்தைத் தவிர.

மண்டூரிலிருந்து ஆறரைப் பாதையில்
குருமண்வெளிக்குப் போகையில்
போனில் தேடினேன்.
எங்கள் பக்கம் பாதை என்றால் தெரு அல்ல.
ஆறு மோட்டார் சைக்கிள், தயிர்ச்சட்டி அடுக்கு,
ஒரு நெல்மூட்டை, நான்,
எல்லாரையும் வாவிக்கு மேலே
கொண்டுபோகும் பலகைத் தட்டு.

இடப்பக்கம் மூன்று துளி, தண்ணீர்.
வலப்பக்கம் ஒரு கை, அது பிடித்த தூரிகை.
தண்ணீரும் தூரிகையும் சேர்ந்தால்
எனக்கு
மை கலைந்த கொப்பிதான் நினைவில் வரும்.
அகராதியோ
துறை என்கிறது.
கடவை. ஓடம் அணையும் இடம்.

ஒன்பது கோடு.
கடைசிக் கோடு மேலிருந்து இறங்கி
குறுக்குக் கோடுகள் அத்தனையையும் துளைத்து
அடி மண்ணில் கம்பு குத்தினதுபோல் நிற்கவேண்டும்.
பாதை ஆடியது.
என் கம்பு சாய்ந்தது.
டிக்கெட் கிழிக்கும் குகராசா எட்டிப் பார்த்தார்.
"இதென்ன கா, ஏணியா?"
"பாதை."
"எங்கட பாதையா? அப்ப சரி,
சரிஞ்சுதான் கிடக்கு."

கருத்து தெரிந்தால் போதாது, பாவனையும் வேண்டும்.
போன் ஒவ்வொன்றாய்க் காட்டியது.
இரட்டித்து எழுதினால்
ததும்பத் ததும்ப.
குடாக்களோடு சேர்த்து அதையும் இரட்டித்தால்
நாடு முழுக்க, மூலை முடுக்கெல்லாம்.
மறுகா
அலையோடு.

விரலை எடுத்துக்கொண்டேன்.
எந்த வகுப்பிலும் எனக்குப்
படிப்பிக்கத் தேவையில்லாத சொல்.
இரவல் வாங்கின அவசரத்தில்
முன்னால் இருந்த 'ட்'டை விட்டுவிட்டோம்.
அந்த அரை எழுத்து
பெரியகல்லாற்றில் எந்த மணலுக்குள்
கிடக்கிறதோ.

வகுப்பில் ஒரு வரிக்குப் பத்துப் பெட்டி.
பத்திலும் துறை எழுதினேன்.
அலை எட்டுக் கோடு, அதுவும் தெரியும்.
அதற்கும் இடப்பக்கம்
இதே மூன்று துளி.
எழுதவில்லை.
றினோஸ் என் கொப்பியைப் பார்த்தான்,
ஒன்றும் கேட்கவில்லை.
அவன் மருதமுனை.

இரவு அம்மாவிடம்
துறை என்று மட்டும்தான் சொன்னேன்.
அரிசி கழுவிக்கொண்டே கேட்டா.
"அப்ப பாதை நிக்கிற ஊரா?"
"ஓம்."
"அண்டைக்கு நாங்க இதிலதான் வந்த.
உடுத்த ஈரத்தோட.
நீ என்ர இடுப்பில.
சனம் ஏற ஏற
ஒருத்தனும் காசு கேக்கல்ல."

கழுநீரை ஊற்றினா.
இன்னொரு தரம் தண்ணீர் விட்டா.

"அங்க எவ்வளவு எடுக்கிறானுகளாம்?"

போனில் அது இல்லை.