இரண்டு கோடு

வெள்ளம் ஏறிவிட்டால் எங்கள் மருத்துவமனை ஒரு தீவு.
மருந்து படகில் வரும். டீசல் படகில் வரும்.
பிணம் படகில் போகும்.
படிப்பு மட்டும் கறையான் புற்றின் மேல் இறங்கும்.
சமையல் கொட்டகைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு நிற்கிறது அது.
உச்சியில் ஏறி ஸாம்பெசி பக்கம் திரும்பினால்
போனில் இரண்டு கோடு சிக்னல்.
வியாழன்தோறும் மாலை ஏழு மணிக்கு
கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு ஏறிவிடுவேன்.
வார்டிலிருந்து பார்ப்பவர்கள்
டாக்டர் நமக்காவு ஜெபிக்கிறாள் என்று நினைக்கிறார்கள்.
நான் திருத்தியதில்லை.

வருஷத்துக்கு முப்பது புள்ளி சேர்க்க வேண்டும்.
குறைந்தால் மார்ச் கடைசியில் உரிமம் காலாவதி.
இருபத்தாறில் நின்றேன் பிப்ரவரியில்.

லுசாகாவிலிருந்து ஒரு குரல். டாக்டர் சிலுஃப்யா.
முகம் தெரியாது, வீடியோ ஒருநாளும் திறந்ததில்லை.
அவர் வீட்டு நாயை நன்றாகத் தெரியும்.
முக்கியமான எண் வரும்போதெல்லாம் குரைக்கும்.

போன பாடத்தின் கேள்வித்தாள் இது:
வென்டிலேட்டரில் முதலில் எதை மாற்றுவீர்கள்?
அ, ஆ, இ, ஈ.
'எங்களிடம் அது இல்லை' என்பதற்குக் கட்டம் இல்லை.
'இ' என்று குறித்தேன்.
சரியான விடை. இரண்டு புள்ளி.

இந்த வியாழன்
மூச்சுக்குத் திணறும் குறைமாதக் குழந்தைகள்.
ஒரு பாட்டில் போதும் என்றார் சிலுஃப்யா,
தண்ணீர், குழாய், ஆக்சிஜன்.
குழாய் நுனி எவ்வளவு ஆழம் முங்குகிறதோ
அவ்வளவு அழுத்தம்
உள்ளே போய் நுரையீரலைச் சுருங்கவிடாமல் பிடித்துக்கொள்ளும்.
புற்றின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.
பாட்டில் இருக்கிறது. தண்ணீரா? ஊரே தண்ணீர்தான்.
"ஆழம் எவ்வளவு என்றால்..."
நாய் குரைத்தது.
கோடு இரண்டும் விழுந்தன.

அதே இரவு, நாணலை விலக்கிக்கொண்டு ஒரு படகு.
செபிசோ. எட்டு மாதம்கூட ஆகவில்லை, இரட்டைப் பிள்ளை.
இரண்டும் உறுமின, பூனைக்குட்டி போல,
ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்குழி உள்ளே போய் வந்தது.
லிகாண்டோ மாம்பழச் சாறு பாட்டிலைக் கழுவி வந்தான்.
அவன் கிளினிக்கல் ஆபீசர்.
மயக்கம் கொடுப்பான், எலும்பு கட்டுவான், ஜெனரேட்டரும் அவன்தான்.
குழாயை வெட்டினான், மூக்குக்கு அளவாகச் சூடு காட்டி வளைத்தான்,
பேனாவை எடுத்தான்.
"எத்தனை சென்டிமீட்டர்?"

எனக்குத் தெரியாது.
அதிகமானால் நுரையீரல் கிழியும் என்பது தெரியும்.
மூன்று, என்றேன்.

கோடு போட்டான். தண்ணீர் குமிழியிட்டது.
இரவு முழுக்க அந்தச் சத்தம், கஞ்சி கொதிப்பதுபோல.

நாலரை மணிக்கு முதல் குழந்தை உறுமுவதை நிறுத்தியது.
தேறிவிட்டது என்று ஒரு கணம் நினைத்தேன்.
அந்தக் கணத்தை யாரிடமும் சொன்னதில்லை.

விடியுமுன் புற்றில் ஏறினேன், செருப்பில்லாமல்.
நின்றிருந்த குரல் செய்தி சொட்டுச் சொட்டாக இறங்கியது.
ஐந்தில் தொடங்குங்கள், என்றார் சிலுஃப்யா,
குரைப்புக்கு நடுவே, மிகச் சாதாரணமாக.
ஓடினேன்.

இரண்டாவது பிள்ளை பதினோரு நாள் கழித்து
படகேறிப் போனது, தாயின் துணிக்குள் ஒட்டிக்கொண்டு.
ஐந்து வைத்திருந்தால் முதலாவதும் போயிருக்குமா?
அதற்குப் பாடம் எதுவும் இன்னும் வரவில்லை.

படிவம் வந்தது.
இந்தப் பயிற்சி உங்கள் பணியை மாற்றியதா? ஆம்.
கலந்துகொண்ட மருத்துவர்: ஒரு பெயருக்கு மட்டும் இடம்.
லிகாண்டோ மருத்துவன் இல்லை, அவனுக்குப் புள்ளியும் இல்லை.
வேறு எவருக்கேனும் கடன்பட்டிருந்தால் தெரிவிக்கவும்,
என்று கடைசியில் ஒரு வரி. மருந்துக் கம்பெனிகளை மனதில் வைத்துக் கேட்டது.
லிகாண்டோ சிதாலி, என்று எழுதினேன்.
யாரும் திரும்பக் கேட்கவில்லை.
இரண்டு புள்ளி ஏறியது. இன்னும் இரண்டு வேண்டும்.

பாட்டில் அலமாரியில் இருக்கிறது.
ஐந்தில் ஒரு கோடு, தடிப்பாக.
மூன்றிலும் அந்தக் கோடு இருக்கிறது.
ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் போய்விடும்.
தினமும் அந்த அலமாரியைத் துடைக்கிறான் அவன்.