ஐந்நூறு என்று எழுதியிருந்தது

"தம்பிக்குங்களா?" என்றான் நிவாஸ்,
காந்திபுரத்தில், செருப்புக்கடைக்கு மேல் இரண்டாம் மாடியில்.
எனக்குத்தான் என்றேன்.
ஒரு கணம் என்னைப் பார்த்தான்,
பிறகு பட்டியலை.

கிராபிக்ஸ் கார்டு, எட்டு மாதம் ஓடியது, பதினோராயிரம்.
ப்ராசஸர், போர்டு, ரேம்
எல்லாம் நான் கேட்டபடி.
கண்ணாடிக் கேபினட், உள்ளே மூன்று விசிறி,
மூன்றும் மயில் கழுத்தாய் நிறம் மாறும்.
கடைசி வரியில், என் சிலுவாட்டுக் காசின் அடிமண்டியில்,
எஸ்.எம்.பி.எஸ். ஒன்று. எண்ணூற்றைம்பது.
"ஐந்நூறு வாட்டுங்க்கா, தாராளமாப் போதும்."

கையில் வாங்கினேன்.
குடியில்லாத வீடு மாதிரி இருந்தது.

பல்லடம் தாண்டி, தாராபுரம் ரோட்டில்
அறுபது டன் எடைமேடையில்
ராத்திரி ஆள் நான்.
மக்காச்சோளம் பத்து டன் தானுங்க
என்று கீழிருந்தே கத்துவார் டிரைவர்.
தலையாட்டிக்கொண்டே திரையைப் பார்ப்பேன்.
ஆறு வருசப் பழக்கம்.

பெட்டியைத் திருப்பினேன்.
பக்கவாட்டில் பெரிதாய் ஐந்நூறு.
அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில்
பன்னிரண்டு வோல்ட், பதினெட்டு ஆம்பியர்.
கைப்பையில் எடைச்சீட்டு ஒன்று கிடந்தது,
அதன் பின்பக்கத்தில் பெருக்கினேன்.
இருநூற்றுப் பதினாறு.

மீதி இருநூற்று எண்பத்து நாலு எங்கேங்க?

"அது மத்த லைன்ல வருங்க்கா."
கார்டும் ப்ராசஸரும்
பன்னிரண்டு வோல்ட் பந்தியில்தானே உட்காரும்?
கார்டுக்கு நூற்றிருபது, ப்ராசஸருக்கு அறுபத்தைந்து,
விசிறி, டிஸ்க் என்று சில்லறை.
சமதரையில் ஓடும்தான்.
பாரம் ஏற்றிய எந்த லாரியும் சமதரையில் ஓடும்.
திரையில் நாலு குண்டு ஒன்றாய் வெடிக்கையில்
கார்டு ஒரு எட்டு எட்டும் பாருங்கள்,
பாலத்தில் ஏறுவது மாதிரி,
அங்கேதான் அச்சு முறியும்.

போன ஐப்பசியில்
எடைமேடைக் கம்ப்யூட்டருக்கும் இப்படியொன்று வாங்கிப் போட்டார்
முதலாளி பொங்கியண்ணன்.
இடிகூட இடிக்கவில்லை. ஒரு டப், கொஞ்சம் புகை.
தனியாகப் போகவில்லை அது,
போர்டையும் கையைப் பிடித்துக் கூட்டிப் போனது.
நாலு நாள் கையால் சீட்டு எழுதினேன்.
நாலு நாளும் எல்லா டிரைவருக்கும் என் கணக்கில் சந்தேகம்.

"அந்த மயிலை எடுத்துருங்க" என்றேன்.
நிவாசுக்கு முகம் சுருங்கிவிட்டது.
கண்ணாடி போய்த் தகர கேபினட் வந்தது,
அரிசி டின் மாதிரி, ஒரே விசிறியோடு.
மிச்சமான ஆயிரத்து எண்ணூறைப் போட்டு
கனமான பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கினேன்.
நானூற்றைம்பது வாட், முப்பத்தாறு ஆம்பியர்.
அதையும் பெருக்கிப் பார்த்தேன், நானூற்று முப்பத்திரண்டு.
"ஐம்பது வாட்டு கம்மியாச்சேங்க்கா."
எழுதியிருக்கிறதுதானே கம்மி.

பஸ்ஸில் மற்றதெல்லாம் மேல் தட்டில்,
அது மட்டும் என் மடியில்.
நேரே வேலைக்குத்தான் போனேன்.
பதினொரு மணிக்கு லாரி ஏதும் இல்லை.
ஒரு ஆசைக்கு, மேடையின் நடுவில் கொண்டுபோய் வைத்தேன்.
உள்ளே வந்து பார்த்தால்
பூஜ்யம்.
பத்துப் பத்துக் கிலோவாய்த்தான் அதற்கு எண்ணத் தெரியும்.
கோழி வண்டி ஒன்று விளக்கை அணைத்து அணைத்துப் போட்டது,
ஓடிப்போய் எடுத்துக்கொண்டேன்.

ஞாயிறு விடிகாலை.
அடுத்த தெருவில் தறிக்குடோன் ஒரே மூச்சில் ஆரம்பித்தது.
டியூப்லைட் இமைத்தது,
மிக்ஸியில் சட்னி ஒரு சுற்று தடுமாறியது,
அம்மா கரண்ட்காரனைத் திட்டினாள்.
திரையில் நான் ஓடிக்கொண்டே இருந்தேன்,
பாலத்தின் மேல், நாலு பக்கமும் குண்டு.

பிறகு செத்துப்போனேன்.
அது என் கைத்தப்பு,
பெட்டியைச் சொல்லக் கூடாது.