ஒரு சாண் ரப்பர்

காலையில் நன்றாகத்தான் ஏறுகிறது.
அதுதான் என் முதல் சந்தேகம்.

ஒத்தாருவின் தெருக்கள் எல்லாம்
கடலுக்குள் விழப் பார்ப்பவை.
கப்பல் துறையில் சீட்டுக் கொடுக்கிறேன்;
விடியுமுன் இறங்கி
இருட்டியபின் அதே மேட்டில் ஏறவேண்டும்.
முப்பத்து மூன்று வயது சிவப்பு ரோட்ஸ்டர்,
சாவி திருப்பினால்
தூக்கம் கலைந்ததுபோல் இரு விளக்குகளையும் தூக்கிப் பார்க்கும்.
சப்போரோவில் ஒரு பல் டாக்டரிடம் வாங்கினேன்.
"கிளட்ச் புதுசு" என்றார்,
பல்லைக் காட்டாமல்.

மாலையில்தான் வம்பு.
ஏழு சிக்னல், மீன் லாரிகளின் வரிசை,
மிதித்து விட்டு, மிதித்து விட்டு
மேட்டுக்கு வந்து மூன்றாம் கியர் போட்டால்
இன்ஜின் கத்துகிறது, சக்கரம் கேட்கவில்லை.
முள் நாலாயிரத்தைத் தாண்டுகிறது,
என்னை ஒரு சைக்கிள்காரர் தாண்டுகிறார்.

ததெபயாஷி எழுந்து வந்து பார்க்கவேயில்லை.
"நழுவுதா? தட்டு தேய்ஞ்சிருக்கும்.
கியர்பாக்ஸை இறக்கணும்."
ஒரு லட்சத்து இருபதாயிரம் யென் என்று
கால்குலேட்டரை என் பக்கம் திருப்பி வைத்தார்.

வீட்டுக்கு வந்து டாஷ்போர்டுப் பெட்டியைக் கவிழ்த்தேன்.
டாக்டரின் ரசீது: தட்டு மாற்றியது.
அவருக்கு முன் யாரோ ஒரு ஹிசாயோ: தட்டு.
கடைப்பெயர் அழிந்துபோன இன்னொன்று,
அதிலும் தட்டு.
எய்தவன் எங்கோ இருக்க
மூன்று அம்புகளைக் குப்பையில் போட்டிருக்கிறார்கள்.

யோசித்துப் பார்த்தேன்.
தேய்ந்த தட்டு, நாம் காபி குடித்தால் சரியாகாது.
இது ஆகிறது.
ஓரங்கட்டி, இயந்திரத்தில் ஒரு கேன் வாங்கி,
கையைச் சூடாக்கிக் குடித்துவிட்டு வந்தால்
ஒன்றுமே நடக்காததுபோல் ஏறுகிறது.
எதுவோ உள்ளே சிக்கி
மெல்ல மெல்ல வடிகிறது.

ஞாயிறு நட்சுஹோவைக் கூப்பிட்டேன்.
அவளுக்கு ஓட்டத் தெரியாது.
மேட்டில் நாலு தடவை ஏறி இறங்கி
காரை வேண்டுமென்றே வெறுப்பேற்றி,
நழுவ ஆரம்பித்ததும்
சாய்பலகைகளில் ஏற்றி, அணைத்து,
சக்கரத்துக்குக் கல் வைத்தேன்.
"காலைத் தூக்கி சீட்டில் வை.
எந்தப் பெடலையும் தொடாதே."
"அப்புறம் நான் எதுக்கு?"
"தொடலைன்னு சாட்சி சொல்ல."

முதுகின் கீழே பனிக்கூழ்.
சைலன்சர் முழங்கையைச் சுட்டது.
எட்டு எம்எம் ஸ்பேனர், கால் திருப்பு.
யாரும் மிதிக்காத பெடலிலிருந்து
கறுத்த எண்ணெய்
என் கன்னத்தில் பீய்ச்சி அடித்தது.

மேலே நட்சுஹோ, "நான் தொடல!"

வெட்டிப் பார்த்தேன் அந்தக் குழாயை.
ஒரு சாண் ரப்பர்.
வெளியே வழவழப்பு, ஒரு கீறல் இல்லை.
உள்ளே வீங்கி, ஊசிக்கண் அளவு வழி.
மிதிக்கும் பலத்தில் போகும், விட்டால் வராது:
மச்சானுக்குக் கொடுத்த கைமாற்று.
பாதி அழுத்தம் உள்ளேயே தங்கிவிட
தட்டு பாவம், எதைப் பற்றும்?

புதுக்குழாய் இரண்டாயிரத்து எண்ணூறு யென்.
செவ்வாய் தபாலில் வந்தது.
மிதி. பிடி. இரு, விடாதே.
இப்போ விடு.
பதினெட்டாம் தடவை நட்சுஹோ
"எனக்குக் கால் வலிக்குது,
இதுக்கு ராமென் மட்டும் போதாது" என்றாள்.
குமிழி நின்றது.

வெட்டிய ரப்பரை
அந்த மூன்று ரசீதுகளோடு கட்டி
பெட்டியில் வைத்திருக்கிறேன்.
இதை யார் வாங்கினாலும்
முதலில் அதைப் பார்க்கட்டும்.

அன்று மாலை மூன்றாம் கியரில்
மீன் லாரிகளைத் தாண்டி ஏறினோம்.
உச்சி சிக்னலில், பச்சை விழுந்ததும்,
இன்ஜின் குலுங்கி அணைந்தது.
பின்னால் ஹாரன்.

அது கிளட்ச் இல்லை.
பாதிப் பிடிக்குப் பழகிப்போன
என் இடது கால்.