முதல் சரணத்தில் பாதி

ஆறே முக்கால் பஸ்ஸில்
சிசிரவின் பென்டிரைவ் எப்போதும் அதே வரிசைதான்.
மூன்றாவது பாட்டுத் தொடங்கும்போது
ஸ்டோர் முடக்கில் பஸ் நிற்கும்.
நைட் வேலை முடித்து அமிர்தராஜ் ஏறுவான்,
காதுமடலில் தேயிலைத் தூள்,
சட்டையில் வாட்டும் மாடியின் பச்சை வாடை.
நான் கடையின் ஊதா யூனிபோர்மில்
சாப்பாட்டுப் பெட்டியை மடிக்கு மாற்றி
இடம் விடுவேன்.

அங்கிருந்து பாலத்தடிக்கு நாலு வளைவு.
அவன் இறங்கிவிடுவான்.
நான் ஹட்டனுக்குப் போய்
அந்தி வரைக்கும் யார்யாருடையதோ கலியாணச் சேலைகளை
விரித்துக் காட்டி மடிப்பேன்.

பாட்டில் வருகிறவனுக்கு வேலையே இல்லை.
விடியவிடிய நிலாவைப் பார்க்கிறான்,
ஒரு சுப்பர்வைசரும் அவனைத் தேடி வருவதில்லை.
அவள் மழையில் நனைந்து ஆடுகிறாள்.
மறுநாள் தடிமன் பிடித்து லீவு கேட்டதாக
எந்த வரியிலும் இல்லை.
அவளுக்காக உயிரைத் தருவானாம்.
அமிர்தராஜ் எனக்காக
ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓ.டி.யை விட்டான்.
உயிர் என்ன விலை என்று எனக்குத் தெரியாது.
ஓ.டி. எவ்வளவு என்று
அவன் சம்பளத் துண்டில் இருந்தது.

மூன்று மாதமாய் எங்களுக்குக் கிடைத்தது
பல்லவி, கொஞ்சம் புல்லாங்குழல்,
முதல் சரணத்தில் பாதி.
பிறகு 'பாலத்தடி பஹின்ட' என்பான் கொண்டக்டர்.
மீதியை நான் கேட்பதில்லை,
அவன் இல்லாமல் கேட்டால் களவு மாதிரி இருக்கும்.
ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு
புதுச் சரக்கின் விலைகளை
மனதுக்குள் சொல்லிக்கொண்டு போவேன்.

வியாழக்கிழமை
மூன்றாம் வளைவில் மண் சரிந்து கிடந்தது.
ஜேசிபி வர வேண்டுமாம்.
சிசிர எஞ்சினை நிறுத்தினான்,
பாட்டை நிறுத்தவில்லை.
எட்டரைக்கு மேல் போனால் எனக்கு அரைநாள் வெட்டு.
பகலில் தூங்காவிட்டால்
இரவு ரோலருக்குப் பக்கத்தில் அவனால் நிற்க முடியாது.
இரண்டையும் இரண்டு பேரும் அறிவோம்,
சொல்லிக்கொள்ளவில்லை.

முதல் சரணம் முடிந்தது.
முழுதாக முடிந்தது!
சிரித்துக்கொண்டு திரும்பினேன்.

அவன் தலை என் தோளில் சாய்ந்திருந்தது,
வாய் கொஞ்சம் திறந்தபடி.
நகத்தோரம் கறுத்த விரல்கள்
என் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்திருந்தன,
யாரும் பறித்துவிடாமல்.

இரண்டாம் சரணத்தைத் தனியாகத்தான் கேட்டேன்.
முன்சீட்டு அக்கா திரும்பிப் பார்த்தாள்,
பார்க்கட்டும்.
தோள் மரத்துப்போனது, அசையவில்லை.
பாட்டு முடிந்து நாலாவதும் ஐந்தாவதும் ஓடின,
பனிமூட்டத்துக்குள் எங்கேயோ
மண்வெட்டிச் சத்தம் கேட்டது.

பின்னேரம் வேலைக்குப் போகும் வழியில் போன் எடுத்தான்.
கடைசியில் என்னதான் வந்தது பாட்டில்?
நிலா, என்றேன்.
வேறு?
ஆள் நிற்குது, வைக்கிறேன், என்றேன்.
கடையில் அப்போது ஒருவரும் இல்லை.