முப்பத்தேழு

துறைமுகத்தில் ஒன்றாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள்.
தொலைக்காட்சி சொன்னது.
கடலூரில் யாரும் எழுந்துபோய்ப் பார்க்கவில்லை.
எனக்கு அந்தக் கூண்டின்மேல்
ஒரு சக ஊழியரின் பரிவு உண்டு.

என் கூண்டு கைப்பேசிக்குள் இருக்கிறது.
மஞ்சக்குப்பத்தில் பால் கம்பெனியின் சர்வர்
ஏசி அறையில் உறுமிக்கொண்டிருக்க
தேவனாம்பட்டினத்தில் என் தலையணைக்கடியில் அது துடிக்கும்:
டிஸ்க் எண்பதைத் தாண்டிவிட்டது,
ஒரு கேள்விக்கு நாற்பது நொடியாய்ப் பதிலில்லை,
இணைப்புகள் ரேஷன் வரிசைபோல் நிற்கின்றன.

ஆடியில் ஒவ்வொன்றுக்கும் எழுந்தேன்.
ஆவணியில் எண்பதைத் தொண்ணூறாக்கினேன்.
புரட்டாசியில்
'பிறகு' என்ற பொத்தானுக்கு
என் கட்டைவிரல் தூக்கத்திலேயே வழி கண்டுபிடித்துவிட்டது.

நேற்றிரவு ஒன்றுமே வரவில்லை.
தகரத்தில் மழை மட்டும்.
இரண்டேகாலுக்கு நானாகவே விழித்தேன்,
அழாத குழந்தைக்குத் தாய் விழிப்பதுபோல
என்று எழுதி, அடித்துவிட்டேன்.
எனக்குக் குழந்தை இல்லை. அது இயந்திரம்.

மடிக்கணினியில் எல்லாம் பச்சை.
சிபியு முப்பத்தேழு விழுக்காடு.
தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். முப்பத்தேழு.
அறுபது வரை எண்ணினேன். முப்பத்தேழு.

உயிரோடிருக்கும் எதுவும்
இவ்வளவு நேரம் ஒரே எண்ணில் நிற்காது.
சர்வரைப் பார்த்துக்கொள்ள நான் வைத்த கண்
ஒன்று ஐம்பத்தொன்றுக்கே செத்திருந்தது.
கடைசியாய்ப் பார்த்ததையே
மறுபடி மறுபடி
பச்சையாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

காவலறைக்குப் போன் செய்தேன்.
"கலியமூர்த்தி அண்ணே, அந்தக் கதவைத் தொட்டுப் பாருங்க."
"வெதுவெதுன்னு இருக்கும்மா."
"ஏசி?"
"அது அப்பவே நின்னுடுச்சே.
நீங்கதான் வீட்லேருந்து பார்த்துக்கிட்டே இருப்பீங்களேன்னு..."

பீச் ரோட்டில் கணுக்கால் தண்ணீர்.
ஸ்கூட்டி இருமுறை இருமியது.
கதவை விரியத் திறந்து
கணக்குப் பிரிவின் மேசை விசிறி,
கலியமூர்த்தியின் சொந்த விசிறி,
இரண்டையும் அந்தக் கருப்புப் பெட்டிக்கு நேரே வைத்தோம்.
யாரோ ஓடவிட்டுப் போயிருந்த வருடாந்திர அறிக்கையைக் கொன்றேன்.
சூடு மெல்ல இறங்கியது, எங்கள் பேச்சும்.
பிளாஸ்க்கில் மிச்சமிருந்த டீயை அவர் மூடியில் ஊற்றித் தந்தார்.

நான்கு ஐம்பதுக்கு
நெல்லிக்குப்பத்திலிருந்து முதல் வரி வந்து விழுந்தது:
பதினொன்றரை லிட்டர், கொழுப்பு நாலு புள்ளி இரண்டு.
மழையில் நனைந்தபடி யாரோ கறந்திருக்கிறார்கள்.
அவர் பணம் அவருக்குப் போய்விடும்.
இந்த இரவைப் பற்றி அவரிடம் சொல்ல எதுவுமில்லை.

தொண்ணூறை எண்பதாக்கினேன்.
புதிதாய் ஒன்றும் சேர்த்தேன்:
எண் அசையாமல் நின்றால் எழுப்பு.

வீட்டுக்குப் போகாமல்
முதுநகர் வரை வண்டியை விட்டேன்.
விடிந்தும் விடியாத வெளிச்சத்தில்
கம்பத்தின் உச்சியில் அது தொங்கியது.
ஹெல்மெட்டைக் கழற்றி
நனைந்தபடி கொஞ்சநேரம் பார்த்தேன்.
காற்றில் ஆடிக்கொண்டுதான் இருந்தது.