மூன்றாவது மூக்கு

செவ்வாய்க்கிழமை, பதினொன்று அடிக்கப் பத்து நிமிடம்.
காலையில் காப்பி கூடாது, வெங்காயம் கூடாது,
சவரம் செய்த கன்னத்தில் எதையும் தடவிக்கொண்டு வரக் கூடாது.
ஹஸ்கார்ட் குடும்பத்துச் சட்டம் இது.
வேறு எதிலும் அவர்களுக்குள்
இப்போது உடன்பாடில்லை.

வெள்ளை ஓடு பதித்த அறை, ஷ்ராப்ஷயர் மழை சன்னலில்.
தாம்சின் வெளிச்சத்தின் பக்கம்.
ராஃப் கதவின் பக்கம்.
நடுவில் நான், பீப்பாய் லாரி ஓட்டுகிறவன்.
இந்த நாற்காலி தாம்சினின் அத்தையுடையது;
ஜனவரியில் ஒரு பல் வைத்தியரோடு
போர்ச்சுகலுக்குப் போய்விட்டாள்.
ருசி பார்க்க மூன்று பேர் வேண்டும் என்பது எழுதிய விதி.
ஏப்ரலில் பிரிந்தவர்களைத் தனியே உட்காரவைத்தால்
தீர்ப்புக்கு வருவது பீராக இருக்காது என்பது
எழுதாதது.
அதனால் என் மூக்கு.

அவர்களுக்குக் கால் கிளாஸ்.
எனக்கு ஒரு தேக்கரண்டி, மருந்து மாதிரி.
மத்தியானம் முப்பத்தெட்டு பீப்பாயோடு மலை ஏற வேண்டும்.

முதலில் மைல்டு.
கருத்துப்போன ரொட்டி ஓரம், கொஞ்சம் வெல்லப்பாகு.
சண்டை போடாத பீர்.
இரண்டாவது பிட்டர்:
ஹாப்ஸ் பூவின் பச்சை, கிழித்த இலை, பிறகு
வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வருவதுபோல்
மெல்ல வரும் கசப்பு.
ஒயின்காரர்கள் துப்புகிறார்கள்.
நாங்கள் துப்புவதில்லை.
ஏலின் கசப்பு அடித்தொண்டையில்தான் தெரியும்;
விழுங்காமல் அதைப் பற்றிப் பேச
யாருக்கும் உரிமையில்லை.

மூன்றாவதில் வெண்ணெய் வாடை.
ஈஸ்ட்டை அவசரப்படுத்தியிருக்கிறார்கள்.
ராஃப் தன் காகிதத்தில் ஒரு கோடு கிழித்தான்.
தாம்சினும்.
பேனா சத்தம் மட்டும்.

நான்காவது, ஓல்டு ஏல்.
மார்ச்சில் காய்ச்சி மரப்பீப்பாயில் பூட்டியது.
அந்த இரவு எனக்குத் தெரியும்.
பனி விழுந்தது, பம்ப் நின்றது,
ஊறிய மால்ட்டை இரண்டு பேரும் மண்வெட்டியால் அள்ளினார்கள்.
காலை ஐந்து மணிக்கு நான் சாவியோடு வந்தபோது
மூட்டையின் மேல் முதுகோடு முதுகு சாய்ந்து
ஆறிப்போன உருளைக்கிழங்கு வறுவலைத் தின்றுகொண்டிருந்தார்கள்.
ஐந்து வாரம் கழித்து அவன்
ஆற்றுக்கு அந்தப்பக்கம் அறை எடுத்தான்.
பீப்பாய்க்கு யாரும் சொல்லவில்லை.

குடித்தார்கள்.
ராஃப் கண்ணை மூடினான்.
தாம்சின் மூக்கைச் சுருக்கினாள், மறுபடி மோந்தாள்.
எழுதி, மடித்து, என் பக்கம் தள்ளினார்கள்.
வாசிப்பது நடு நாற்காலியின் வேலை.

அவள் எழுதியது: நனைந்த சேணம், அப்புறம் பிளம்ஸ்.
அவன் எழுதியது: பிளம்ஸ். மழையில் விட்ட சேணம்.
நான் எழுதியது: நல்லா இருக்கு.

சத்தமாக வாசித்தேன்.
மழை, கொஞ்ச நேரம், தானாகப் பெய்துகொண்டிருந்தது.

“பாட்டிலில் அடைக்கலாம்,” என்றாள் தாம்சின்.
“இரண்டு மாதம் போகட்டும்.”
“நீ எப்போதும் இரண்டு மாதம் என்பாய்.”
“நீ எப்போதும் இன்றைக்கே என்பாய்.”
வக்கீல் வழியாக அல்லாமல்
ஆகஸ்டுக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டது
இவ்வளவுதான்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.
மூன்றாவது ஓட்டு.
ஒரு தேக்கரண்டியை வைத்துக்கொண்டு நான் என்ன சொல்ல?
உள்நாக்கில் இன்னும் இருந்தது அது,
தோலும் பழமும், அதற்கு அடியில்
பெயர் வைக்கத் தெரியாத ஒரு புளிப்பு,
கெட்டதா வளர்வதா என்று பிடிபடாமல்.

அடுத்த செவ்வாய் மறுபடி பார்க்கலாம் என்றேன்.
தாம்சின் சரி என்று சொல்லவில்லை.
கிளாஸ்களை ராஃப்தான் கழுவினான்,
தன்னுடையதையும் அவளுடையதையும்.
என் கரண்டியை மறந்துவிட்டான்.

மலை ஏறும்போது இரண்டாவது கியர் வரை
அந்தப் புளிப்பு என்னோடு வந்தது.